வயலட்டைத் தொடாத கை

சாந்தன்பாறையில் என் தோட்டத்தைச் சுத்தம் செய்ய ஒரே ஒரு நாள் வந்த அந்த அம்மாளின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஏலக்காட்டில் களை எடுத்தே காலம் தள்ளியவர். தலையில் துண்டு, இடுப்பில் சாக்கு. நின்று பேசும்போதுகூட அவருடைய வலது கை தானாகக் கீழே போய் எதையாவது பிடுங்கும்.

“பலாமரத்தடியில இருக்கிற வயலட்டை மட்டும் தொட்டுடாதீங்கம்மா” என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன். வயலட் இந்த மலைக்காட்டுச் செடிதான். ஆனாலும் நிழல் பார்த்து, இலைமட்கு போட்டு, ஒரு வருடம் தவமிருந்து எட்டே எட்டுப் பூ பார்த்திருந்தேன். அன்று பூ இல்லை, வெறும் இலைதான்.

திரும்பி வந்தால் மரத்தடி மொட்டையாகக் கிடந்தது. நடுவில் ஊதா நிறத்தில் பூத்த ஒரு களைச்செடி மட்டும் ராணிபோல நின்றது.

“வயலட்டு கலரத் தொடவே இல்ல சார். இந்தப் பீடையைக்கூடவா ஆசையா வளப்பாகன்னு நெனச்சேன்” என்றார்.

“மத்ததெல்லாம் எங்கம்மா?”

“வேலிக்கு அங்கிட்டு, ஓடையோரம் கொட்டிட்டேன். ஏன் சார் முகம் வாடுது? அதெல்லாம் சாகாது. நானும் முப்பது வருசமா புடுங்கித்தான் பாக்கேன்.”

இன்று ஓடைக்கரை முழுக்க வயலட் பூத்துக் கிடக்கிறது. என் மரத்தடியில் அந்தக் களை. அதைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கை மரியாதை கொடுத்து விட்டுவைத்த ஒரே களை அதுவாகத்தான் இருக்கும்.