லைனில் இருந்த மூன்று ஊர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் மேட்ச். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மதியத்துக்குள் நூற்று நாற்பது மெசேஜ். பாதி ஸ்கோர், கால்வாசி அரசியல், மிச்சம்... யார் வீட்டில் என்ன குழம்பு என்ற விவரம்.

சாயங்காலம் என் தங்கை மகன் போன் செய்தான். "இன்னா பெரிம்மா, குரூப்ல நீங்க மட்டும் வாயே தொறக்க மாட்டேன்றீங்க? புடிக்கலையா?"

பிடிக்காமல் என்ன? நானும் ஒரு குரூப்பில் இருந்தவள்தான் என்றேன். சிரித்தான். "உங்க காலத்துல ஏது பெரிம்மா குரூப்பு?"

இருந்ததே! அதற்கு அட்மின் நான்தான்.

எழுபதுகளின் கடைசியில் ஆரணி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்கு ஆபரேட்டர் வேலை கிடைத்தது. அப்போது டயல் செய்யும் வசதி எங்கள் ஊருக்கு வரவில்லை. நீங்கள் வீட்டில் ரிசீவரை எடுத்தால் என் எதிரே இருக்கும் போர்டில் உங்கள் நம்பருக்கான குட்டி ஷட்டர் 'டக்'கென்று விழும். நான் ஒயரைச் செருகி, யார் வேண்டும் என்று கேட்டு, இணைத்துவிட வேண்டும். வெளியூர் என்றால் டிரங்க் கால். பதிவு செய்துவிட்டுக் காத்திருப்பீர்கள். நான் அந்த ஊர் ஆபரேட்டரைப் பிடிப்பேன், அவர் அந்த ஊர்க்காரரைப் பிடிப்பார்.

காலையிலிருந்து ஒரு மணி வரை மூச்சு விட முடியாது. பட்டுக் கடைக்காரர்களுக்கு எல்லாமே அவசரம். பெங்களூருக்கு ஒரு கால், மெட்ராசுக்கு ஒரு கால். "ஜல்தி போடும்மா, ஜல்தி" என்று காது கிழியும்.

இரண்டு மணிக்கு மேல் ஊரே சாப்பிட்டுவிட்டுக் கண் அசரும். போர்டும் அசரும். அப்போதுதான் எங்கள் குரூப் திறக்கும்.

போளூர் ஒயரையும் செய்யார் ஒயரையும் ஒன்றாக இணைத்து, நடுவில் நான் ஹெட்செட்டோடு உட்கார்ந்துகொள்வேன். மூன்று பேரும் பேசலாம். இது விதிப்படி சரியா? இல்லை. சூப்பர்வைசருக்குத் தெரியுமா? தெரியும் — அவரும் வந்து ஸ்கோர் கேட்பார்.

செய்யாரில் ரஜியா. என் வயதுதான். போளூரில் தாமோதரன். எங்களைவிட நாலைந்து வயது பெரியவர். பேர்கள் தெரியும், ஆனால் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. லைனில் ஊர்தான் பேர். நான் ஆரணி, அவள் செய்யார், அவர் போளூர்.

"இன்னாங்க ஆரணி, சாப்ட்டாச்சா?"

"ஆச்சுங்க போளூர். ஸ்கோர் சொல்லுங்க."

அவரிடம் ஒரு டிரான்சிஸ்டர் இருந்தது. டெஸ்ட் மேட்ச் நடந்தால் ஹெட்செட்டை அதன் பக்கத்தில் வைத்துவிடுவார். இங்கிலீஷ் கமென்டரி எனக்கு முக்கால்வாசி புரியாது. கடைசியில் அவரே சொல்வார்: "ஒண்ணுமில்லீங்க, அடிச்சான், ஓடல."

ரஜியாவுக்குக் கிரிக்கெட் என்றாலே பேஜார். அவள் நியூஸ் ஆள். பேப்பரை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு வந்து, எந்த மந்திரி என்ன பேசினார், மண்ணெண்ணெய் எப்போது வரும் என்று வாசிப்பாள். நடுநடுவே சமையல். ஒருமுறை எனக்குக் குஸ்கா செய்யச் சொல்லிக்கொடுத்தாள். உப்பு எவ்வளவு என்று சொல்ல வாயெடுத்தபோது ஷட்டர் விழுந்துவிட்டது. இரண்டு நாள் கழித்துத்தான் உப்பு வந்து சேர்ந்தது!

ஆரணியிலிருந்து போளூர் பஸ்ஸில் ஒரு மணி நேரம். செய்யார் கொஞ்சம் கூட. இரண்டு வருடம் தினமும் பேசினோம், ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லையா? தோன்றியது. எனக்கு ரொம்பவே தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை லீவு என்றால் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் அந்த மத்தியானம் நீண்டுகொண்டே போகும்.

அது காதலா என்று கேட்பீர்கள். தெரியவில்லை. இரண்டு மணிக்காகக் காத்திருந்தேன் — அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஒருநாள் போளூர் சொன்னார்: "உங்க ஊர் கோட்டை மைதானத்துல வாலிபால் டோர்னமென்ட்டாமே. ஃபைனல்ல உங்க ஊர் டீமோட எங்க டீம் ஆடுது. சனிக்கிழமை நான் வர்றேங்க. நீங்க வந்தீங்கன்னா..." என்று இழுத்தார். "கையில டிரான்சிஸ்டர் இருக்கும். பாத்தா தெரிஞ்சிடும்."

ரஜியா குதித்தாள். "போங்க ஆரணி! போய்ப் பாத்துட்டு வந்து ஆள் எப்படி இருக்காருன்னு எனக்குச் சொல்லணும். எங்க அப்பா என்னை எங்க உடப் போறாரு?"

என்னை மட்டும் தனியாக விடுவார்களா? அண்ணனோடு போனேன். அண்ணன் கெட்டவர் இல்லை. வாலிபால் என்றால் உயிர். மஞ்சள் புடவை கட்டியிருந்தேன். பெண்கள் உட்கார ஓரமாக பெஞ்சு போட்டிருந்தார்கள். பக்கத்தில் அண்ணன் நின்றுகொண்டார்.

மைதானம் முழுக்கச் சத்தம். அதற்குள் ஒரு குரல். "அவுட்டுங்க அது! லைனுக்கு வெளியே வுழுந்துதுங்க!"

திரும்பிப் பார்த்தேன். பத்தடி தூரத்தில் முதுகு காட்டி நின்றிருந்தார். ஒல்லி. கொஞ்சம் கூன். கையில் டிரான்சிஸ்டர். என் காதுக்குள் இருந்த ஆள் வெயிலில் நிழலோடு நிற்கிறார்!

பத்தடிதான். எழுந்து போய் "போளூர்" என்றால் போதும். ஆனால் அண்ணனிடம் என்னவென்று சொல்வேன்? தெரிந்தவர் என்றா? முகத்தைக்கூட இன்னும் பார்க்கவில்லையே. கூட வேலை செய்பவர் என்றா? அது உண்மைதான். ஆனால் அதைச் சொல்லும்போது என் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கே பயமாக இருந்தது.

ஒரு செட் முடிந்தது. இரண்டாவது செட்டும் முடியப்போகிறது. என்னால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை.

"போலாமாண்ணா?" என்றேன்.

அந்த முதுகு திரும்பியது. அவர் என்னைப் பார்த்தார். நான் சட்டென்று வலையைப் பார்த்தேன். மறுபடி நான் திரும்பியபோது அவர் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கவனித்தாரா, தற்செயலா? அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினார்.

திங்கட்கிழமை இரண்டு மணி.

"வந்தீங்களா ஆரணி?"

"இல்லீங்க... தலைவலி."

லைனில் எப்போதும் போல இரைச்சல். அதன் நடுவே சொன்னார்: "பரவால்லீங்க. எங்க டீம் தோத்துட்டுது. வந்திருந்தா நீங்க சந்தோஷப்பட்டிருப்பீங்க."

அதற்குப் பிறகும் பேசினோம். ஸ்கோர், மண்ணெண்ணெய், மழை. ஆனால் அந்தப் பொய் என் தொண்டையில் மீன் முள்ளாக நின்றது. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இரண்டு வருடம் ஓட்டினேன். தினமும் பேசுகிறவர்களிடம்தான் முக்கியமானதைச் சொல்ல நேரமே கிடைப்பதில்லை... கவனித்திருக்கிறீர்களா?

பிறகு எங்கள் ஊருக்கு ஆட்டோமேடிக் எக்ஸ்சேஞ்ச் வந்தது. இனி எல்லோரும் அவரவரே டயல் செய்துகொள்ளலாம். ஊருக்கே கொண்டாட்டம். ஒரு வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குப் பழைய போர்டை நிறுத்துவதாக ஏற்பாடு.

அன்று மூன்று மணிக்குக் கடைசியாக மூன்று ஊர்களையும் இணைத்தேன். ரஜியா முதலிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்: "போளூர், ஒரு பொய் சொல்லிட்டேங்க. அன்னிக்கு மைதானத்துக்கு நான் வந்திருந்தேன்."

"தெரியுங்க," என்றார். "மஞ்சப் புடவ. 'போலாமாண்ணா'ன்னீங்களே. தினம் காதுல கேட்டுகினு இருக்கற குரலு, எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏங்க கேக்கல?"

"வரலன்னு சொன்னீங்க. நீங்க சொன்னா வரலதாங்க."

ரஜியா அழுகையை நிறுத்திவிட்டுக் கத்தினாள். "யா அல்லா! ரெண்டு வருஷமா ரெண்டு பேரும் மனசுல வச்சிகினு என்னையும் சேத்து ஏமாத்திகினு இருந்தீங்களா?"

மூவரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் அவர், "விமலா..." என்றார்.

நாலு வருடத்தில் முதல்முறை என் பேர்.

'டக்.' ஷட்டர் விழுந்தது. பட்டுக் கடை. பெங்களூர் அர்ஜென்ட். எடுக்காமல் இருந்திருக்கலாம். யார் கேட்டிருக்கப் போகிறார்கள், கடைசி நாள்? ஆனால் கை பழகிவிட்டது. "ஒரு நிமிஷங்க" என்றேன். போளூரிலிருந்து ஒயரை எடுத்தேன்.

பெங்களூர் கிடைக்கப் பத்து நிமிடம், அவர்கள் பேசி முடிக்க ஆறு நிமிடம். மறுபடி போளூரில் செருகினேன். இரைச்சல்கூட இல்லை. அந்த லைனைப் புது எக்ஸ்சேஞ்சுக்கு முன்னாடியே மாற்றிவிட்டதாக என்ஜினீயர் சொன்னார். "இன்னாம்மா, அவசர காலா?"

"இல்ல சார்," என்றேன். இன்னொரு பொய்.

என்னைப் பில் செக்‌ஷனுக்கு மாற்றினார்கள். ரஜியா கல்யாணமாகி ஆம்பூர் போனாள், அவளிடமிருந்து மட்டும் கடிதம் வந்துகொண்டிருந்தது. தாமோதரனுக்குத் திருவண்ணாமலைக்கு மாற்றல் என்று கேள்விப்பட்டேன், அங்கிருந்து எங்கோ. எனக்கும் கல்யாணம் நடந்தது. நல்ல மனிதர். ஒருநாள் இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "அந்த ஆள் அப்புறம் இன்னா சொல்ல வந்தாராம்?" என்று மட்டும் கேட்டார்.

அதுதானே எனக்கும் தெரியவில்லை!

ஊரெல்லாம் நம்பர் கேட்டு நம்பர் கேட்டு இணைத்துவிட்ட எங்கள் மூன்று பேர் வீட்டிலும் அப்போது போன் கிடையாது. அதனால் யாரும் யாரிடமும் நம்பர் கேட்டுக்கொள்ளவே இல்லை.