கன்னத்தில் முளைத்த லைக்கன்

இப்போது கோடைதோறும் வடக்கே போய், முழங்கால் உயரப் பற்றைப் புதர்களில் எத்தனை வகை லைக்கன் இருக்கிறது என்று எண்ணிக் குறிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குள் முதலில் கால் வைத்தவன் இதற்காகவா படித்தான் என்று அப்பாவுக்கு இன்னும் சந்தேகம். எனக்கும் லைக்கனுக்கும் பழக்கம் உண்டானது எட்டு வயதில் என்பது அவருக்குத் தெரியாது.

அந்த வருடம் பனி கரையத் தொடங்கியதும் ஆசிரியை எங்கள் வகுப்பை மோர்னிங்சைட் பூங்காவுக்குக் கூட்டிப் போனார். ஆளுக்கொரு பூதக்கண்ணாடி, ஆளுக்கொரு பற்றை. பாசியும் பூஞ்சணமும் சேர்ந்து ஒரே உயிர்போல வாழ்வதுதான் லைக்கன், அதற்கு மண் வேண்டாம், காற்றில் இருக்கிற ஈரமே போதும் என்று சொல்லியிருந்தார். என் பற்றையில் ஆறு வகை இருந்தன. மஞ்சள் பொட்டுப்போல ஒன்று, சாம்பல் நிறத்தில் சுருண்ட இலைபோல ஒன்று, மாவைத் தடவியதுபோல வெள்ளையாய் ஒன்று. அந்த வெள்ளையை நகத்தால் சுரண்டி மணந்து பார்த்தேன். அதே கையால் கன்னத்தையும் சொறிந்தேன்.

பத்து நாளில் கன்னத்தில் ஒரு வெள்ளைப் படை விழுந்தது. வட்டம், ஓரம் மங்கல், மாவு தடவியதுபோல. லைக்கன்தான், எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஈரம் போதும் என்று ஆசிரியை சொன்னதால், அதற்கு ஈரம் கிடைக்கக்கூடாது என்று முகம் கழுவுவதை நிறுத்தினேன்.

அம்மாவும் அதைக் கண்டார். ஏசுவார் என்று பார்த்தேன், ஏசவில்லை. அதுதான் பயமாக இருந்தது. காலையில் அதன்மேல் பவுடர் பூசிவிட்டார். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை நிற்பாட்டினார், பிறகு கோயிலையும். வேறு நேரமென்றால் சந்தோஷப்பட்டிருப்பேன். வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அக்காவிடம் மட்டும், நான் கொஞ்சம் கொஞ்சமாகப் பற்றையாகிக்கொண்டு வருகிறேன் என்று சொன்னேன்.

"அப்ப நல்லது," என்றார் அக்கா. "வெளியில போய் நில்லு, உன்ர ரூமை நான் எடுக்கிறன்."

வோபர்னில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு தமிழ் டொக்டர் இருந்தார். காய்ச்சல், தடிமன் எல்லாவற்றுக்கும் அவர்தான். ஆனால் அம்மா ஒருநாள் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு விடாமல், பஸ் மாறி மாறி விட்பி என்கிற வெளியூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஏன் இவ்வளவு தூரம் என்று கேட்டேன்.

"அங்க எங்கட சனம் இராது," என்றார்.

சனம் இல்லாத ஊரில் வைத்தியம் என்ன திறமாக இருக்கும் என்று எனக்கு விளங்கவில்லை.

விட்பி டொக்டர் ஒரு வெள்ளைக்காரப் பெண். அம்மாவுக்கு ஆங்கிலம் போதாது. மொழிபெயர்ப்பு எப்போதும் என் பொறுப்பு. டொக்டர் சின்ன விளக்கொன்றைப் பிடித்துக் கன்னத்தைப் பார்க்கும்போது அம்மாவின் கை என் தோளை இறுக்கியது.

"உது பரம்பரையா வாறதோ எண்டு கேள்."

பரம்பரைக்கு எனக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழிலும் அது என்னவென்று தெரியாது. அதனால் எனக்குத் தெரியவேண்டியதைக் கேட்டேன். இது பற்றையிலிருந்து தொற்றியதா? இனி உடம்பெல்லாம் வளருமா?

டொக்டர் சிரித்துவிட்டார். இல்லவே இல்லை, குளிருக்குத் தோல் காய்ந்திருக்கிறது, பிள்ளைகளுக்கு இது சாதாரணம், களிம்பு பூசினால் போதும், மெல்ல மெல்ல மறைந்துவிடும் என்றார்.

"இல்லையாம் அம்மா," என்றேன். "குளிருக்குக் காஞ்சதாம். போயிடுமாம்."

"வடிவாக் கேட்டனியோ?"

"ஓம்."

அம்மா கதிரையில் பொத்தென்று இருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, டொக்டருக்குத் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மூன்று தரம் நன்றி சொன்னார். நானும் சொன்னேன். அன்றைக்கு எங்கள் இரண்டு பேரில் யாருக்கு நெஞ்சு அதிகம் லேசானது என்று சொல்ல முடியாது.

திரும்பி வரும் பஸ்ஸில், இரண்டு கிழமையாக யாருடைய அழைப்பை எடுக்காமல் விட்டாரோ, அந்தச் சித்திக்கு அம்மா தானே போன் போட்டார். முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம்.

"மூத்தவளின்ர சாதகத்தை இண்டைக்கே அனுப்பிவிடுறன். அவையளைப் பாக்கச் சொல்லு."

அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அவருடைய சாதகம் அத்தனை நாளும் என் கன்னத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது என்பதுதான் தெரியாது.