கீழ்ப்பக்கத்தை வெட்ட வேண்டாம்

1976 ஜூலை 22, வியாழக்கிழமை. ஐந்து பத்துக்கு எழுந்தேன். பால் வாங்கி வந்து, சவரம் செய்து, குளித்தேன். ஆறே முக்காலுக்குச் சிட்லபாக்கம் வீட்டு வாசலில் பேப்பர் விழுந்தது.

செவ்வாயில் இறங்கிய இயந்திரம் அனுப்பிய முதல் படம் அதில் வந்திருந்தது. கல்லும் மணலும், ஓரத்தில் அந்த இயந்திரத்தின் கால். படமெடுக்க ஆளே இல்லாத இடத்தில் அது தன்னையும் சேர்த்து எடுத்துக்கொண்டிருந்தது. அந்தக் காலைப் பார்த்துப் பொறாமைப்பட்டதாக அன்றைய டைரியில் எழுதியிருக்கிறேன்.

தாம்பரத்தில் நான் வேலை பார்த்த பள்ளியில் கேமரா வைத்திருந்த ஆசிரியர் நான் ஒருவன்தான். தலைமையாசிரியர் அறையில் பதினோரு குரூப் போட்டோக்கள் மாட்டியிருந்தன. எல்லாம் நான் எடுத்தவை. ஒன்றிலும் நான் இல்லை. பன்னிரண்டாவதை அன்று மாலை எடுக்க வேண்டும். தலைமையாசிரியர் ஓய்வு பெறுகிறார். அவருக்கு வலப்பக்க நாற்காலி புதிய உதவித் தலைமையாசிரியருக்கு. என்னைவிட மூன்று வருடம் ஜூனியர். அது எனக்கு வந்திருக்க வேண்டிய நாற்காலி. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நாலரைக்கே எல்லோரும் உட்கார்ந்தாயிற்று. சட்டை மாற்றப் போன உதவித் தலைமையாசிரியர் மட்டும் ஐந்தேகாலுக்கு வந்தார்.

"பேப்பர் பாத்தீங்களா சார்? செவ்வாய்ல மிஷினே தன்னை எடுத்துக்குது. நீங்க இன்னும் எங்களைத்தான் எடுத்துட்டிருக்கீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். தலைமையாசிரியரும்தான்.

பெட்டிக் கேமராவின் மேல் கண்ணாடியில் குனிந்து பார்த்தேன். வெயில் என் முதுகுக்குப் பின்னால் இறங்கியிருந்தது. என் நிழல் தரையில் நீண்டுபோய், அதன் தலை சரியாக உதவித் தலைமையாசிரியரின் செருப்பின் மேல் விழுந்தது. வழக்கமாக இப்படி ஆனால் முட்டி போட்டுக்கொள்வேன், நிழல் குறுகிவிடும். அன்று போடவில்லை.

"சார், உங்க நிழல் என் கால் மேல வருது பாருங்க."

"படத்துல வராது சார். அசையாம இருங்க."

வரும் என்று எனக்குத் தெரியும். இந்த முறை நானும் இருப்பேன். அழுத்தினேன்.

"சேஃப்டிக்கு இன்னொண்ணு எடுத்துடுங்களேன்" என்றார் தலைமையாசிரியர்.

"ஃபிலிம் தீந்துபோச்சு சார்."

இன்னும் மூன்று படம் எடுக்க இடம் இருந்தது.

மறுநாள் ஐந்து பத்துக்கு எழுந்ததும், பால் வாங்கக்கூடப் போகாமல், அந்த மூன்றையும் எடுக்காமலே சுருளைச் சுற்றி முடித்து ஸ்டுடியோ உறையில் போட்டேன். உறையின் மேல் எழுதினேன்: 'பெரிதாக்கும்போது கீழ்ப்பக்கத்தை வெட்ட வேண்டாம்.'