முன் சக்கரத்தில் நான் சுரண்டி எடுத்தது

எனக்குக் கையும் சும்மா இருக்காது, வாயும் சும்மா இருக்காது. இரண்டும் ஒரே வாரத்தில் கூட்டுச் சேர்ந்து ஒரு மனிதரின் பிழைப்பில் மண்ணைப் போட்டன. இதை நான் தெரிந்தவர்கள் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. என் வீட்டுக்காரருக்கே அவராகக் கண்டுபிடித்த அளவுதான் தெரியும்.

மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்தவள் நான். அப்பாவுக்கு முனிசிபாலிட்டியில் துப்புரவு வேலை. வீட்டுக்குள் தமிழ், வெளியே மலையாளம். பள்ளிக்கூடத்தில், தமிழ்க்காரர்களை இளக்காரமாகச் சொல்லும் 'பாண்டி' என்ற சொல்லால் கூப்பிட்டு என் பின்னலைப் பிடித்து இழுப்பார்கள். அதனால் வாசலைத் தாண்டினால் தமிழ் பேசாமல் இருக்க நானாகவே பழகிக்கொண்டேன். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் யாராவது தமிழில் பேச்சுக் கொடுத்தால் மலையாளத்தில் பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். நாற்பத்தாறு வயதிலும் அந்தப் புத்தி போகவில்லை. எர்ணாகுளத்தில் ஆபீஸ் வேலை, சொந்தக் கார், எல்லாம் வந்த பிறகும் போகவில்லை.

கார் என்றால் பெரிய கார் இல்லை. பழசாக வாங்கிய சின்னச் சிவப்பு கார். ஆனால் முன்பு வைத்திருந்தவர் ஆசைப்பட்டு அலாய் வீல் போட்டிருந்தார். எனக்கு அந்தச் சக்கரங்கள் மேல் தனிப் பெருமை. எங்கள் சந்தில் யாருக்கும் அப்படி இல்லை.

போன வருடம் மழைக்கு முன்னால் நாலு டயரையும் மாற்றினேன். தோப்பும்படிப் பக்கம் ஒரு டயர் கடை. டயரைக் கழற்றி மாட்டிய ஆளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், மீசையில் அங்கங்கே நரை. சக்கரத்தைப் பேலன்ஸ் மெஷினில் மாட்டிச் சுற்றவிட்டு, எண்ணைப் பார்த்து என்னவோ செய்துகொண்டிருந்தார். அந்த நேரம் நான் போனில் இருந்தேன். வீட்டுக்காரர் ராத்திரிக்கு மத்தி வாங்கட்டுமா, அயிலை வாங்கட்டுமா என்று கேட்டார். மீன் முள்ளைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தேன், என்னை மறந்து, நல்ல தமிழில், பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கும்படி. போனை வைத்ததும் அந்த ஆள் சிரித்துக்கொண்டு, "அக்காவுக்கு எந்த ஊரு? எனக்குத் தென்காசிப் பக்கம்" என்றார்.

"இவிடத்தன்னெ. மட்டாஞ்சேரி" என்றேன். இங்கேதான் என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் சிரிப்பைச் சுருட்டி வைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தார். நான்கு நாட்களுக்கு முன்புதான் அவரை மெஷினுக்கு ஏற்றியதாக முதலாளி பில் போடும்போது சொன்னார். அதுவரை இரண்டு வருடம் வெளியே பஞ்சர் ஒட்டிக்கொண்டும் காற்று அடித்துக்கொண்டும் இருந்தாராம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. புது டயருக்குப் பூஜை போடாமல் ஓட்டினால் எனக்கு மனசு ஒப்பாது. நாலு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம், சக்கரத்தில் சந்தனம் குங்குமம். அழுக்குச் சக்கரத்திலா சந்தனம் வைப்பது? காலையில் குழாயில் தண்ணீர் வந்ததும் தேங்காய் நாரையும் சோப்பையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முன் சக்கரத்தைத் தேய்க்கும்போது கம்பிகளுக்கு உள்பக்கம், வளையத்தில், சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னக் கட்டமாக என்னவோ வரிசையாக ஒட்டியிருந்தது. டயர் கம்பெனி ஸ்டிக்கர், கடைக்காரன் எடுக்காமல் விட்டுவிட்டான் என்று நினைத்தேன். நாரால் தேய்த்தால் போகவில்லை. விடுவேனா? மீன் வெட்டும் பழைய கத்தியைக் கொண்டுவந்து கையை உள்ளே விட்டு, இரண்டு முன் சக்கரத்திலும் சுரண்டி எடுத்தேன். பசையைக்கூட மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். பின் சக்கரத்துக்கு வருவதற்குள் தண்ணீர் நின்றுவிட்டது, முட்டியும் வலித்தது. அதை அப்படியே விட்டேன்.

சுரண்டிய துண்டுகள் கையில் கனமாக இருந்தன. கனமாக இருக்கும் எதையும் தூக்கிப் போட எனக்கு மனசு வராது. அடுப்படி ஜன்னலில் இருக்கும் ஆணி டப்பாவில் போட்டு வைத்தேன்.

இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? பஜார் ரோட்டில் லாரிக்குப் பின்னால் நின்று நின்று போகிறவளுக்கு முப்பதைத் தாண்டினாலே அதிசயம். திங்கட்கிழமை வீட்டுக்காரரின் பைக் மக்கர் செய்தது. ஏலூரில் ஒரு ஃபேக்டரியில் அவருக்கு காண்ட்ராக்ட் வேலை. நானே கொண்டுவிடுகிறேன் என்று கிளம்பினேன். கண்டெய்னர் ரோடு ஏறி எண்பதைத் தொட்டதும் ஸ்டியரிங் கையில் குளிர் ஜுரம் வந்த மாதிரி உதறியது. கூடவே டிக் டிக் என்று ஒரு சத்தம்.

ஓரமாக நிறுத்தினேன். வீட்டுக்காரர் இறங்கி ஒவ்வொரு டயராகக் குனிந்து பார்த்தார். சத்தத்தைக் கண்டுபிடித்துவிட்டார், டயரின் வரிப்பள்ளத்தில் ஒரு கருங்கல் சில்லு சிக்கியிருந்தது. சாவியால் நெம்பி எடுத்தார். நட்டுகளை முறுக்கிப் பார்த்தார், காற்றைக் கையால் அழுத்திப் பார்த்தார். மறுபடி ஓட்டச் சொன்னார். டிக் டிக் போய்விட்டது, உதறல் போகவில்லை. எழுபத்தைந்தில் தொடங்குகிறது, தொண்ணூற்றில் குறைகிறது. சீட்டில் தெரியவில்லை, ஸ்டியரிங்கில் மட்டும்தான்.

அப்படியென்றால் முன் சக்கரம்தான், பேலன்ஸ் சரியாகப் பண்ணியிருக்க மாட்டார்கள், போய்ப் பதமாகச் சொல் என்றார். பதமாக என்ற சொல்லை அவர் இரண்டு தடவை சொன்னார். என்னைப் பற்றி அவருக்குத் தெரியும்.

அவரை ஏலூரில் இறக்கிவிட்டு நேராகக் கடைக்குப் போனேன். வழி முழுக்க ஸ்டியரிங் உதற உதற எனக்குள் ஏறிக்கொண்டே போனது. கடையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். இறங்கும்போதே தொடங்கிவிட்டேன், மலையாளத்தில். புது டயர் போட்டு நாலு நாள்தான் ஆகிறது, ஆளைக் கொல்லப் பார்க்கிறீர்களா, வேலை தெரியாத ஆளையெல்லாம் மெஷினில் நிறுத்தினால் இப்படித்தான், எங்கிருந்தோ வந்த பாண்டிகளை வைத்துக் கடை நடத்தினால் இப்படித்தான். ஆமாம், அந்தச் சொல்லைச் சொன்னேன். எந்தச் சொல்லைக் கேட்டு அழுதுகொண்டு வீட்டுக்கு ஓடினேனோ அதே சொல். நாக்கு கூசவில்லை.

முதலாளி குனிந்து முன் சக்கரத்துக்குள் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "வெயிட் எவிடெ?" என்று அந்த ஆளைக் கேட்டார். சக்கரம் உதறாமல் சுற்றுவதற்காக வளையத்தில் ஒட்டும் எடைத் துண்டு எங்கே என்று. ஒட்டியிருந்தேன் என்று அவர் சொன்னார். முதலாளி நம்பவில்லை. அந்த ஆள் ஓடிப்போய்ப் பின் சக்கரத்தைக் காட்டினார். உள்பக்கம் வளையத்தில் சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னக் கட்டம், வரிசையாக.

ஆணி டப்பா கண்முன் வந்து நின்றது.

முதலாளி என் பக்கம் திரும்பி, "சேச்சி, வல்லதும் எடுத்து களஞ்ஞோ?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். ஏதாவது எடுத்துப் போட்டீர்களா என்று. இல்லை என்று சொல்வதற்கு எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. கத்தித் தீர்த்த வாய். திருப்பி எடுக்கத் தெரியவில்லை. சுற்றிலும் ஆட்கள். பின்னால் ஒட்டிவிட்டு முன்னால் மறந்துவிட்டாய் என்று முதலாளி அவரைத் திட்டத் தொடங்கினார்.

அந்த ஆள் திட்டை வாங்கிக்கொண்டே என் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். விரலை உள்ளே விட்டுத் தடவினார். கத்தி கீறிய கோடு அவர் விரலுக்குத் தெரிந்திருக்கும். நான் வைத்த சந்தனப் பொட்டு அவர் கண்ணுக்கு நேராக இருந்தது. தலையை நிமிர்த்தாமல், எனக்கு மட்டும் கேட்கிற குரலில், தமிழில் சொன்னார்.

"அக்கா, கழுவும்போது தெரியாம சுரண்டிட்டீங்க போல. அது பரவாயில்ல. முதலாளிகிட்ட ஒரு வார்த்தை மட்டும் சொல்லிருங்க. இல்லேன்னா என்னை மெஷின்ல இருந்து இறக்கிருவாரு."

கோபமே இல்லை அந்தக் குரலில். எனக்கு வழி செய்து கொடுத்தார். மற்றவர்களுக்குப் புரியாத பாஷையில், என் மானம் போகாதபடிக்கு, மெதுவாக. நான் என்ன செய்தேன்? எல்லாருக்கும் கேட்கும்படி, "எந்தா ஈ பறயுந்நது? எனிக்கு ஒந்நும் மனசிலாகுந்நில்லா" என்றேன். இவர் என்ன சொல்கிறார், எனக்கு ஒன்றும் புரியவில்லை என்று. அயிலை முள்ளைப் பற்றி நான் தமிழில் முழங்கியதை நாலு நாள் முன்னால் பக்கத்தில் நின்று கேட்ட மனிதரிடம்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒரு தடவைதான். பிறகு எழுந்து போய் ஜாக்கியை எடுத்து வந்தார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று சொல்வார்கள். எனக்குப் பூசணிக்காயை மறைப்பது சுலபமாகவே இருந்தது, அவர்கள் எல்லாரும் நம்பினார்கள். முதலாளியே மெஷினில் நின்று பேலன்ஸ் செய்து, மன்னிப்பும் கேட்டு, காசு வேண்டாம் என்றார். இனி நீ மெஷினைத் தொடக் கூடாது, வெளியே போய்க் காற்று அடி என்று அவரிடம் சொன்னதை நான் காருக்குள் உட்கார்ந்து கேட்டேன். திரும்பும்போது வண்டி வெண்ணெய் மாதிரி ஓடியது. அந்த ஓட்டம் எனக்குப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த வழியாகப் போகும்போதெல்லாம் பார்ப்பேன். கடைக்கு வெளியே, வெயிலில், பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். சிக்னலில் நிற்க நேர்ந்தால் கண்ணாடியை ஏற்றிவிடுவேன். கொஞ்ச நாளில் சுற்று வழியாகப் போக ஆரம்பித்தேன். பத்து நிமிடம் கூடுதல். சனியன், சொல்லித் தொலைத்தால் என்ன என்று தினமும் என்னையே திட்டுவேன். தினமும் போகவில்லை.

இரண்டு மாதம் கழித்து, காலண்டர் மாட்ட ஆணி தேடிய வீட்டுக்காரர் டப்பாவைத் தரையில் கொட்டினார். சாம்பல் துண்டு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். அவருக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. முதலில் வாய்விட்டுச் சிரித்தார், பூஜை போட்டதுக்குச் சாமி கொடுத்த பிரசாதமா என்றார். நான் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திவிட்டார்.

"நீ அந்த ஆளுகிட்ட சண்டைக்குப் போனல்ல, அப்பவே இது உனக்கு அறியாமா?"

"அறியாம்" என்றேன். தெரியும் என்று.

அவர் துண்டுகளை மட்டும் தனியாகப் பொறுக்கி ஒரு காகிதத்தில் மடித்து மேஜை மேல் வைத்துவிட்டு, சாயா குடிக்க வெளியே போனார். வீட்டில் சாயா இருந்தது. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி ஆற்றிக்கொண்டிருப்பேன்.

மறுநாள் காகிதத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முதலாளி உள்ளே கண்ணாடி அறைக்குள் இருந்தார். நல்லதாகப் போயிற்று என்றுதான் நினைத்தேன், கொழுப்பைப் பாருங்கள். இந்த ஆளிடம் மட்டும் தனியாகத் தமிழில் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கிளம்பிவிடலாம். அவர் ஓர் ஆட்டோவுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்று, காகிதத்தைப் பிரித்துக் காட்டி, வாழ்க்கையில் முதல்முறையாக அந்த ஊரில் வெளியாள் ஒருவரிடம் வாய்திறந்து தமிழ் பேசினேன்.

"தம்பி, அன்னைக்கு நான்தான் சுரண்டினேன். எனக்கு அப்பவே தெரியும். என்னை மன்னிச்சிருங்க."

அவர் துண்டுகளைப் பார்த்தார். ஆட்டோ டயரிலிருந்து குழாயை எடுத்தார். குரலைத் தாழ்த்தாமல் மலையாளத்தில் சொன்னார்.

"முதலாளிக்கு தமிழ் அறியில்லா, சேச்சி. அகத்துண்டு. மலையாளத்தில் பறஞ்ஞா மதி."

முதலாளி உள்ளே இருக்கிறார், அவருக்குத் தமிழ் தெரியாது, மலையாளத்தில் சொன்னால் போதும். அக்கா போய் சேச்சி ஆகியிருந்தேன்.

உள்ளே போனேன். இரண்டு வாடிக்கைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் காகிதத்தை மேஜையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கத்தியைச் சொன்னேன், மண்ணெண்ணெயைச் சொன்னேன், அவர் தமிழில் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது, நானும் தமிழ்தான் என்பதையும் சொன்னேன். முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். சாரமில்லை, அது பெரிய விஷயமில்லை, இப்படி எடுத்துப் போடுகிற ஆட்கள் நிறைய உண்டு என்றார். அன்றைக்கே சொல்லியிருக்கலாமே சேச்சி, என்று சாதாரணமாகக் கேட்டார். அந்த ஆளை மறுபடி மெஷினில் போடுவீர்களா என்று கேட்டேன். அதற்கு வேறு ஆள் வந்துவிட்டான், நல்ல வேகம், இனி அடுத்த மெஷின் வாங்கும்போது பார்க்கலாம் என்றார்.

வெளியே வந்தபோது அவர் காற்றுக் குழாயோடு என் கார் பக்கத்தில் நின்றிருந்தார். எத்தனை வைக்க வேண்டும் என்று மலையாளத்தில் கேட்டார். "முப்பத்திரண்டு" என்று தமிழில் சொன்னேன். நாலு டயருக்கும் அடித்து, மூடிகளை ஒவ்வொன்றாகத் திருகினார். முன் சக்கரத்தில் குனிந்து, உள்ளே விரல் விட்டு, வெயிட் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்.

"கழுகும்போ சூக்ஷிக்கணே, சேச்சி" என்றார். கழுவும்போது பார்த்துக் கழுவுங்கள் என்று. சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குக் குழாயை இழுத்துக்கொண்டு போனார்.