இழுத்துக் கட்டிய கம்பி

அக்கா வேலை பார்க்கும் தீப்பெட்டி ஆபீஸுக்கு ஒலிபெருக்கி போட்டுக் கொடுத்தவன் நான்தான். தீப்பிடித்தால் முன்கட்டிலிருந்து மைக்கில் சொல்ல வேண்டும். பின்னால், அக்கா பெட்டி அடைக்கும் பேக்கிங் செட்டில், அந்தத் தகரக் கொட்டகையில், அது கேட்க வேண்டும். நடுவில் தூரம் அதிகம். அவ்வளவு நீளக் கம்பியில் குரல் தேய்ந்துபோகும். தேயாமல் தள்ளிக் கொண்டுபோக லைன் டிரைவர் என்றொரு பொடிச் சிப் இருக்கிறது. அதை வைத்து சர்க்யூட் போடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

போர்டு என்னவோ சுத்தமாகத்தான் இருந்தது. கரண்ட் ஏறி இறங்காமல் இருக்க, சிப்பை ஒட்டியே கெப்பாசிட்டர் வைத்தேன். நீளக் கம்பியைப் பூட்டியதும் சிப் ஊளையிடாமல் இருக்க, குரல் வெளியேறும் இடத்தில் ஒரு ரெசிஸ்டரும் போட்டேன். ஐப்பசி ஈரத்தில் கம்பியை மண்ணில் புதைத்தேன். மண்ணை மூடுமுன், கோணாமல் லட்சணமாக இருக்கட்டுமே என்று தொய்வே விடாமல் இழுத்துக் கட்டினேன். அன்று குரல் கணீரென்று கேட்டது. "பேச்சு வந்ததும் போட்டது போட்டபடி வெளிய வந்திரணும்க்கா" என்று அக்காவிடம் பெருமையாகச் சொல்லி வைத்தேன்.

சித்திரையில் ஒத்திகை வைத்தார்கள். முதலாளி அண்ணாச்சி மைக்கில் பேசினார். செட்டில் 'ங்ங்' என்று இரைச்சல்தான் வந்தது.

"என்ன தம்பி, நான் பேசுதது அங்கன ஒண்ணுமே வெளங்கலையாமே?" என்றார்.

கம்பி போன வழியே ஓடினேன். கரிசல் மண் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது. மண் பிளந்ததில் கம்பி இழுபட்டு, எர்த் முனை பிய்ந்து தொங்கியது. அது விட்டுப்போனால் குரல் போய் இரைச்சல்தான் மிஞ்சும். சே! இந்த மண்ணில் பிறந்து வளர்ந்த முண்டத்துக்கு, கோடையில் அது வெடிக்கும் என்பது தோன்றவில்லையே.

ஒத்திகை என்று முன்பே தெரிந்ததால் பெண்கள் சிரித்துக்கொண்டே வெளியே வந்துவிட்டார்கள். அக்காவை மட்டும் காணோம். செட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். குனிந்த தலை நிமிராமல் பெட்டி அடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, எந்திச்சு வாட்டி" என்று வாசலிலிருந்து ஒருத்தி கூப்பிட்டாள்.

"இரு, பேச்சு வரட்டும். பேச்சு வந்ததும் வெளிய வரணும்னுதான் எந்தம்பி சொல்லியிருக்கான். அவன் செஞ்சது தப்பாது."

நான் அங்கே நிற்பது அவளுக்குத் தெரியாது.