இலவங்காய்க் குருவிகள்

1985 பங்குனியில் அந்தச் சிற்றூர்ப் பால்வாடிக்கு ஏழே பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். பதிவேட்டில் இருபத்தாறு பெயர். புளி அடிக்கும் காலம் அது. தாய்மார்கள் விடிந்ததும் தோப்புக்குக் கிளம்பும்போது பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பார்வையிட வந்த அதிகாரி அம்மா பதிவேட்டை மூடி வைத்தார்.

"இப்படியே போனா மையத்தைப் பக்கத்து ஊருக்கு மாத்திருவாங்க, வஹிதா. அடுத்த மாசம் வந்து பாக்கறேன்."

டீச்சர் வஹிதாவுக்கு இருபத்து நான்கு வயது. பாப்பாரப்பட்டியில் மெத்தை தைக்கும் ஹயாத் பாஷாவின் மகள். எளிதில் கலங்குகிறவள் இல்லை. "அதுக்குள்ள பிள்ளைங்க வந்துருவாங்க" என்று சமையல் வேலை பார்த்த வேளாங்கண்ணியிடம் சொன்னாள். எப்படி வருவார்கள் என்று அவளுக்கே தெரியாது.

அன்று மாலை வீட்டு முற்றத்தில் அப்பா இலவங்காய் உடைத்துப் பஞ்செடுத்துக் கொண்டிருந்தார். ஓடுகள் அடுப்புக்கென்று ஒரு பக்கம் குவிந்திருந்தன. வஹிதா ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். ஒரு முனையில் கூர்மை, நடுவில் வயிறு. குருவிக்கு வேறென்ன வேண்டும்?

மறுநாள் ஒரு சாக்கு நிறைய ஓடுகளோடும் கொஞ்சம் பஞ்சோடும் பஸ் ஏறினாள். ஏழு பிள்ளைகளும் ஆளுக்கொரு ஓட்டில் பஞ்சை அடைத்தார்கள். பஞ்சு பறந்து வேளாங்கண்ணி ஓயாமல் தும்மினாள். றெக்கைக்குக் கோழி இறகு, கண்ணுக்குப் புளியங்கொட்டை. ஒட்டுவதற்கு மைதாப் பசை. பாதிப் பசை பிள்ளைகளின் வாய்க்குள் போயிற்று. மீதியைத் தேடி எறும்பும் எலியும் வந்தன. காலையில் பார்த்தால் ஒரு குருவிக்கும் றெக்கை இல்லை. பிள்ளைகள் கூடி அழுதார்கள்.

"அழுதா றெக்கை முளைக்குமா? வாங்க, புதுசு ஒட்டலாம்" என்றாள் வஹிதா. இந்த முறை வேப்பிலையை அரைத்துப் பசையோடு சேர்த்துக் காய்ச்சினாள். நக்கிப் பார்த்த பிள்ளைகள் முகம் சுளித்தார்கள். எலியும் அந்தப் பக்கம் வரவில்லை.

முடிந்த குருவிகளை வாசல் வேம்பில் நூல் கட்டித் தொங்கவிட்டாள். தோப்புக்குப் போகும் வழி அதுதான். தாயின் இடுப்பிலிருந்து எட்டிப் பார்த்த பிள்ளைகள் இறங்கி ஓடி வந்தார்கள். வஹிதா எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யவிடவில்லை. இன்று உடம்பு, நாளை றெக்கை, அதற்கு மறுநாள் கண்.

மூன்றாம் நாள் குள்ளம்மாள் சண்டைக்கே வந்துவிட்டாள். அப்படி இறங்கி ஓடி வந்த மாதையன் என்ற பையனின் தாய் அவள்.

"என்னாங்க டீச்சர் இது? எம்புள்ள தோப்புக்கு வரமாட்டேன்னு புழுதியில பொரள்றான். இங்க வுட்டுட்டுப் போனா யாரு பாத்துக்குவாங்க?"

"நான் எதுக்குங்க இருக்கேன்? நீங்க புளி அடிச்சு முடிச்சு வர்ற வரைக்கும் நானே வெச்சிருக்கேன்."

சொன்னபடியே அன்று ஆறு மணி வரை இருந்து, கடைசி பஸ்ஸைப் பிடித்தாள். அந்தப் பங்குனி முழுக்க அப்படித்தான். குள்ளம்மாளைப் பார்த்து மற்ற தாய்மார்களும் பிள்ளைகளை விட்டுச் சென்றார்கள்.

அதிகாரி அம்மா திரும்பி வந்தபோது இருபத்து நான்கு பிள்ளைகள் பாயில் இருந்தார்கள். மரத்தடியில் நின்று ஒரு குண்டுக் குருவியைக் காட்டினார்.

"இது யார் செஞ்சது? கிளியா?"

"கோழிங்க" என்றான் மாதையன். "எங்கூட்டுக் கோழி."

"கோழி மரத்துல தொங்குமா?"

"டீச்சருதான் தொங்க வுட்டாங்க."

அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போய்ப் பதிவேட்டில் கையெழுத்திட்டார். மையம் அதே ஊரிலேயே தங்கிவிட்டது.

மறு ஆண்டு, மற்ற மையத்து டீச்சர்களுக்குச் செய்து காட்டும்படி வஹிதாவைப் பாலக்கோட்டுக்கு அழைத்தார்கள். அறுபது பெண்கள் முன்னால் நின்று சாக்கை அவிழ்த்தாள். முதல் ஓட்டை எடுத்துப் பஞ்சை அடைக்கத் தொடங்கினாள்.