மாமி கொண்டுவந்த மூன்று போத்தல்

பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிய தைலப் போத்தலில் சோதனைக்கு மலம். போர்க்காலப் பொருள்தடையால், அதைக் கொண்டுவரத் தீப்பெட்டிகூடக் கிடைக்காத தொண்ணூறுகளின் தொடக்கம். மின்சாரமும் இல்லை. ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியை யன்னலோரம் வைத்து வெயில் வெளிச்சத்தில்தான் பார்ப்பேன். இல்லாததையெல்லாம் சொல்லத் தொடங்கினால் முடியாது, அலுப்புத்தான் வரும்.

போத்தலைக் கொண்டுவந்தவர் சுன்னாகத்துக்கு அருகில் எங்கள் ஊர் வெங்காயத் தோட்டக்காரி. உறவில்லை, ஆனாலும் எனக்கு மாமி. அவருடைய மகள் சிறுநீரக நோய்க்கு மாதக்கணக்காக ஸ்டீரொயிட் குளிசை விழுங்கிவந்தாள். வயிற்றோட்டம் நிற்கவில்லை. வெறுங்காலோடு தோட்டத்தில் நடப்பவர்களுக்குத் தோல்வழியே ஏறும் புழு ஒன்று உண்டு. வருடக்கணக்காகக் குடலில் சும்மா கிடக்கும். குளிசை உடம்பின் எதிர்ப்பைக் குறைத்ததும் பெருகி ஆளையே கொன்றுவிடும். வைத்தியருக்கு அந்தச் சந்தேகம். ஒருமுறை மட்டும் பார்த்தால் புழு கண்ணுக்குத் தப்பிவிடும் என்று மூன்று நாள் மலம் கேட்டார்.

மூன்று நாளும் மாமி வந்தார். மூன்று நாளும் கண் வலிக்கத் தேடி, 'புழு இல்லை' என்று எழுதினேன்.

"ஒண்டும் இல்லைத்தானே தம்பி?"

"ஓம் மாமி, ஒண்டும் இல்லை."

புழு இல்லையென்றதும் வைத்தியர் துணிந்து குளிசையைக் கூட்டினார். பத்தாம் நாள் காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக அவளை ஆஸ்பத்திரி வாட்டில் சேர்த்தார்கள். இம்முறை தாதியே மலம் எடுத்து அனுப்பினார். தேடவே வேண்டியிருக்கவில்லை. கண்ணை வைத்ததும் புழுக்குஞ்சுகள் நெளிந்தன. மருந்து தேடிப் பிடித்துக் கொடுத்தும் பிந்திவிட்டது. மூன்றாம் நாள் அவள் இறந்தாள்.

வாட்டு வாசலில் மாமி என் கையைப் பிடித்தார்.

"தம்பி, நான் கொண்டந்தது பிள்ளையின்ரை இல்லை, என்ரை. ஊர்ப் பெடியன் பாக்கப் போறான் எண்டு பிள்ளை வெக்கத்திலை அழுதவள். ஒரே வளவு, ஒரே சாப்பாடு, எல்லாருக்கும் ஒண்டாத்தானே இருக்கும் எண்டு நினைச்சிட்டன். நான்தான் பிள்ளையைச் சாக்காட்டிட்டன்."

வைத்தியர் வயிற்றோட்டம் என்று எழுதிய துண்டுச் சீட்டோடு வந்த அந்த மூன்று போத்தலிலும் மலம் கட்டியாக இருந்தது. அதை முதல் நாளே கண்டேன். அன்று மேசையில் நாற்பது போத்தல். களைப்பு. 'இது ஆருடையது மாமி?' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது துண்டையும் போத்தலையும் ஒப்பிட்டுப் பாராமல் நான் எதையும் தொடுவதில்லை. அதனால் யாருக்கு என்ன? தன்னால்தான் மகள் போனாள் என்று நினைத்தபடியே மாமியும் போய்விட்டார். கட்டியாக இருந்ததைக் கண்டும் நான் கேட்காமல் விட்டேன் என்று அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை.